ஏரிக்கரையில் ரயில் சுரங்கம்: சேற்றுக்குழியில் தொடங்கும் கணக்கு

நீர்த்தேக்கக் கரையில் சுரங்கம் தோண்டும் வேலை என்றால் எல்லார் கண்ணும் இயந்திரத்தின் மேல்தான் இருக்கும். வெட்டுத்தலையின் விட்டம் என்ன, டார்க் என்ற சுழற்று விசை எவ்வளவு, கத்திகள் எந்த ஊரிலிருந்து வந்தன என்றே பேச்சு ஓடும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வளையம் (சுரங்கத்தின் கான்கிரீட் உட்சுவரில் ஒரு சுற்று) போகும் என்பதை முடிவு செய்வது டிபிஎம் என்ற அந்தச் சுரங்க இயந்திரம் அல்ல. வேலையிடத்தின் ஒரு மூலையில் கிடக்கும் சேற்றுக்குழியும் அதை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியும்தான் அதை முடிவு செய்கின்றன. சிங்கப்பூரில் ஏரி என்று நாம் சொல்லும் பெரும்பாலான நீர்நிலைகள் குடிநீருக்கானவை. மெக்ரிட்சி, பியர்ஸ், ஜூரோங் ஏரி மட்டுமல்ல, 2008இல் அணைக்கட்டு திறந்த பிறகு மரீனாவும் அப்படித்தான். ஆகவே ஏரி சுரங்கத்துக்குள் வந்துவிடாமல் பார்ப்பது பாதி வேலை. சுரங்கத்தின் சேறும் சிமெண்டும் ஏரிக்குள் போகாமல் பார்ப்பது மீதிப் பாதி. நடைமுறையில் அதிகம் தலைவலி கொடுப்பது இந்த இரண்டாவது பாதி.

கீழே வரும் எண்களுக்கு ஒரு மாதிரி வேலையிடத்தை எடுத்துக்கொள்கிறோம்: 60 மீட்டருக்கு 40 மீட்டர், ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பூங்காச் சாலை, மற்ற இரண்டு பக்கமும் வெட்டக்கூடாத மரங்கள்.

முதலில் தரையைப் பங்கு போடுவது

சிங்கப்பூரின் டௌன்டவுன், தாம்சன் ரயில் பாதைகளில் பழகிப்போன அளவு இது: உள்விட்டம் 5.8 மீட்டர், வளையத்தின் கான்கிரீட் துண்டான செக்மென்டின் தடிமன் 275 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 6.35 மீட்டர், வளையத்தின் அகலம் 1.4 மீட்டர். வெட்டும் விட்டத்தை 6.67 மீட்டர் என்று வைத்தால் ஒரு வளையத்துக்கு நிலத்திலிருந்து வெளியேறுவது ஏறக்குறைய 49 கனமீட்டர். வெளியே வந்ததும் மண் உப்பும். ஒன்றரை மடங்கு என்று எடுத்தால் 73 கனமீட்டர். நாளைக்குப் பத்து வளையம் போனால் 730 கனமீட்டர் ஈரச்சேறு.

இதை ஏற்றிப் போகும் டிப்பர் லாரி சிந்தாமல் எடுப்பது சுமார் 10 கனமீட்டர். அப்படியானால் 73 நடை. காலை, மாலை நெரிசல் நேரத்தை விட்டுவிட்டு 8 மணி நேரம் ஓட்டினால் ஆறரை நிமிடத்துக்கு ஒரு லாரி வாசலைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் சக்கரம் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். சக்கரம் கழுவ இரண்டு நிமிடம், தார்ப்பாய் மூட ஒரு நிமிடம், பூங்காச் சாலையில் கொடிக்காரர் நிறுத்தி அனுப்ப இன்னொரு நிமிடம். கணக்கு இங்கேயே இறுகிவிடுகிறது.

ஞாயிறு, பொது விடுமுறையில் லாரி ஓடாது என்று வைத்தே குழியின் கொள்ளளவைப் போட வேண்டும். இரண்டு நாள் சேறு 1,460 கனமீட்டர். 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழம் என்றால் 1,500. தரையில் எட்டில் ஒரு பங்கு இதற்கே போய்விட்டது. ‘குழியைச் சிறிதாக்கி லாரியைக் கூட்டலாம்’ என்று திட்டக் கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். கூட்டத்தில் அது பொருந்தும். டிசம்பர் மழையில் பொருந்தாது.

செக்மென்டுக்கும் இடம் வேண்டும். ஒரு வளையத்துக்கு ஐந்து துண்டும் ஒரு சாவித் துண்டும், மொத்தம் 18 டன்னுக்குச் சற்று மேல். மூன்று மூன்றாக அடுக்கினால் வளையத்துக்கு இரண்டு அடுக்கு. இரண்டு நாள் கையிருப்புக்கு 40 அடுக்கு, ஏறத்தாழ 260 சதுரமீட்டர். செக்மென்ட் எல்லை தாண்டி வருவதாக இருந்தால் இரண்டு நாள் கையிருப்பைக் குறைக்கவே கூடாது.

வெட்டும் முகத்தைத் திரவச் சேற்றின் அழுத்தத்தால் தாங்கும் ஸ்லரி வகை இயந்திரமா, தோண்டிய மண்ணாலேயே தாங்கும் மண் அழுத்த வகை, அதாவது ஈபிபி இயந்திரமா என்ற கேள்விக்கும் பாதி விடையை இந்தத் தரைப்படமே சொல்லிவிடும். ஸ்லரிக்குப் பிரிப்பு ஆலை வேண்டும். கடற்களிமண்ணின் துகள் மிக நுண்ணியது, சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோன்கள் அதைப் பிடிக்காது. சென்ட்ரிஃப்யூஜோ ஃபில்டர் பிரஸ்ஸோ சேர்க்க வேண்டும். 2,400 சதுரமீட்டரில் அதற்கு இடமே இல்லை. புக்கிட் தீமா கிரானைட்டில், அடியில் பாறையும் உச்சியில் மண்ணுமாகக் கலந்து நிற்கும் முகத்தில் ஸ்லரி இயந்திரமே பாதுகாப்பு. அங்கே ஆலைக்கு வேறு இடம் தேடித்தான் ஆக வேண்டும். களிமண்ணில் ஈபிபி போதும்.

துளை போடுவது, போட்ட துளையை மூடுவது

குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் போவதற்கு 2019 டிசம்பரில் முடிவானது. அதற்கு முந்தைய மண் ஆய்வில், முதலில் நினைத்த 72 துளைகளை 16ஆகக் குறைத்து, ஏற்கெனவே இருந்த பாதைகளிலும் வெட்டவெளிகளிலும் மட்டுமே துளையிட்டார்கள். காட்டைக் காப்பாற்ற அது சரியான வழி. ஆனால் துளை குறைந்தால் நிலத்தைப் பற்றிய ஐயம் கூடும். அந்த ஐயத்தை நில அதிர்வு அலை ஆய்வு ஓரளவு நிரப்பும். மிச்சத்தை இயந்திரத்தின் மெதுவான வேகத்தால்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த மெதுவான வேகத்துக்கான நாள்களை அட்டவணையில் முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் பிறகு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஏரிக்குள் மிதவையிலிருந்து போடும் துளைகளைச் சுரங்கத்தின் நேர்மேலே போடக்கூடாது. வெளிவிளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். வேலை முடிந்ததும் டிரெமி என்ற ஊற்றுக் குழாயைத் துளையின் அடிவரை இறக்கி, சிமெண்டும் பென்டோனைட் என்ற களிமண் தூளும் சேர்ந்த கலவையைக் கீழிருந்து மேலாக நிரப்பி, பிறகுதான் கேசிங் என்ற உறைக்குழாயை உருவ வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் தண்ணீர் சிக்கி வெற்றிடம் நிற்கும். மாதங்கள் கழித்து டிபிஎம் அந்தப் பக்கம் வரும்போது, மண்ணை இளக்க அது செலுத்தும் நுரையும் சேறும் அந்த ஓட்டை வழியே நேராக ஏரியில் எழும்பும். ஏரியில் குமிழி வந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் பழைய துளை ஒன்றின் மேல்தான் நிற்போம். பழைய திட்டங்களின் துளை வரைபடங்களையும் தேடி எடுத்து, சுரங்கப் பாதையின் மேல் போட்டுப் பார்ப்பது அரைநாள் வேலை. அதைத் தவிர்க்கவே கூடாது.

ஷாஃப்ட்

இயந்திரத்தை இறக்கும் செங்குத்துக் குழிதான் ஷாஃப்ட். குறுகிய இடத்துக்கு வட்ட ஷாஃப்டே சரி. வளைவின் அமுக்கத்திலேயே சுவர் நிற்கும், உள்ளே சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரமான ஸ்ட்ரட் வேண்டாம், கிரேன் தடையில்லாமல் இறங்கும். ஸ்ட்ரட் போட்டே ஆக வேண்டிய நீள்சதுரக் குழி என்றால் ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். 2004 ஏப்ரல் 20இல் வட்ட ரயில் பாதையின் நிக்கல் நெடுஞ்சாலைக் குழி சுமார் 30 மீட்டர் ஆழத்தில் சரிந்து நால்வர் இறந்தனர். ஸ்ட்ரட்டும் சுவரோரம் ஓடும் வேலர் சட்டமும் சேரும் இடத்தின் வலுக்குறைவும், கடற்களிமண்ணின் வலிமையைக் கணக்கில் கூடுதலாக எடுத்ததும் அதன் முக்கியக் காரணங்களாக விசாரணையில் வெளிவந்தன. அதே களிமண்தான் கல்லாங், மரீனா கரைகளின் அடியில் இன்றும் கிடக்கிறது.

உள்விட்டம் 20 மீட்டர், அகழி தோண்டி அதற்குள் வார்க்கும் டயஃப்ரம் சுவரின் தடிமன் 1.2 மீட்டர், ஆழம் 40 மீட்டர் என்று எடுப்போம். சுவருக்கு மட்டும் ஏறக்குறைய 3,200 கனமீட்டர் கான்கிரீட். சுவரைப் பேனல் என்ற துண்டுகளாக வார்ப்பார்கள். 6 மீட்டர் பேனல் ஒன்றின் கொள்ளளவு 288 கனமீட்டர். தோண்டிய அகழி சரியாமல் தாங்க அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் பென்டோனைட் கரைசல் கையிருப்பு வேண்டும், அதாவது 600 கனமீட்டருக்கான சைலோக்கள். நம் தரையில் இடமில்லை. தோண்டும் வாளியின் ஒரே கடியில் எடுக்கும் 2.8 மீட்டர் பேனல் என்றால் 134 கனமீட்டர், 300 கனமீட்டர் சைலோ போதும். விலை என்னவென்றால் மூட்டுகள் இரட்டிப்பாகும். தண்ணீர் கசிவது மூட்டில்தான்.

செங்குத்து அளவில் 200க்கு 1 விலகல் அனுமதித்தால் 40 மீட்டர் அடியில் 200 மில்லிமீட்டர். பக்கத்துப் பேனல்கள் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் 400 போய்விடும். 1,200இல் ஒட்டி நிற்பது 800 மட்டும். வட்ட ஷாஃப்டில் இந்த ஒட்டும் தடிமன்தான் அமுக்கத்தைத் தாங்குகிறது. ஆகவே 300க்கு 1 கேட்டு, ஒவ்வொரு பேனலையும் கான்கிரீட்டுக்கு முன் மீயொலிக் கருவியால் அளக்க வேண்டும். அளந்த தாளைக் கோப்பில் போடுவதோடு நிற்காமல், பக்கத்துப் பேனலின் தாளோடு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டும் தேறும். சேர்த்துப் பார்த்தால் தேறாது.

ஏரிக்கரைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மண்ணிட்டு நிரப்பிய கரைகளில் கல்லணைப்பு புதைந்து கிடக்கும். பேனல் தோண்டும்போது பென்டோனைட் மட்டம் திடீரென்று விழுந்தால் அது அந்தக் கற்களுக்கிடையே புகுந்து ஏரிக்குப் போகிறது என்று அர்த்தம். சில நிமிடத்தில் கரையோரம் பால் கலந்ததுபோல் வெளுக்கும். அதனால் கைடு வால் என்ற வழிகாட்டிச் சுவரைக் கட்டுவதற்கு முன்பே, கரைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே ஷீட் பைல் என்ற இரும்புத் தகடுகளை இறக்கி, கல் இருக்கும் ஆழம்வரை முன்தோண்டி, கல்லை எடுத்துவிட்டு மெலிந்த சிமெண்ட் கலவையால் நிரப்ப வேண்டும். இந்த வேலை விலைப்பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. ஏரியில் மிதக்கும் சேற்றுத்திரையை மட்டும் விலையில் போட்டிருப்பார்கள். திரை கடைசித் தடுப்பு. அதை முதல் தடுப்பாக நம்பக்கூடாது.

கான்கிரீட்டுக்கு முன் பென்டோனைட்டை அடியிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும்: மணல் 4 விழுக்காட்டுக்குக் கீழ், மார்ஷ் புனலில் வழிந்தோடும் நேரம் 32 முதல் 50 நொடி. மணல் கூடினால் கான்கிரீட் மேலேறும்போது அது மூட்டோரம் ஒதுங்கித் தங்கும். ஷாஃப்டைத் தோண்டும்போது ‘ஜன்னல்’ என்று நாம் சொல்லும் ஓட்டை திறப்பது அங்கேதான்.

கசிவைத் துணியடைத்துச் சமாளிக்கும் பழக்கம் ஏரிக்கரையில் ஆகாது. ஷாஃப்டுக்குள் வடியும் தண்ணீர் வெளியே நிலத்தடி நீரழுத்தத்தைக் குறைக்கும். களிமண் இறுகும், தரை அமிழும், கரையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் வேர் மட்டம் வறளும். சம்ப் என்ற அடிக்குழியில் வி-வடிவ வெட்டுப் பலகை வைத்துக் கசிவை நாள்தோறும் அளந்தால் முன்கூட்டியே தெரியும். நிலத்தடி நீரழுத்தம் காட்டும் பீசோமீட்டர் இறங்கினால் மூட்டில் கிரௌட் என்ற அடைப்புக் கலவையைப் போட வேண்டும். அதுவரை நிலத்தடி நீரை ஈடுகட்டும் ரீசார்ஜ் கிணற்றில் தண்ணீர் செலுத்தலாம். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும், கலங்கிய தண்ணீர் ஒரு வாரத்தில் கிணற்றையே அடைத்துவிடும்.

மழை, சேறு, பிஎச்

வடிகாலில் விடும் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சிங்கப்பூரின் விதி. அமில-கார அளவான பிஎச் 6க்கும் 9க்கும் நடுவே இருக்க வேண்டும். வெளியேறும் வாயிலில் கேமரா இருக்கும். கலங்கல் தண்ணீர் போனால் வேலையிடத்தில் தெரிவதற்கு முன்பே நீர்நிலைகளைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிந்துவிடலாம்.

நம் 2,400 சதுரமீட்டரில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் ஒரு மணி நேரம் பெய்தால் விழும் 240 கனமீட்டரில் சுமார் 228 ஓடும். சுமத்ராவிலிருந்து விடிகாலையில் வரும் சூறைக்காற்று மழைக்கு இது அதிகமான கணக்கு அல்ல. சுத்திகரிப்பு எந்திரம் மணிக்கு 60 கனமீட்டர் என்றால் 168 கனமீட்டர் தொட்டியில் நிற்க வேண்டும். ஷாஃப்ட் சம்ப்பிலிருந்தும் சக்கரம் கழுவும் இடத்திலிருந்தும் வரும் தண்ணீரையும் சேர்த்தால் 200 கனமீட்டர் தொட்டிக்குக் குறைவாகப் பேசவே முடியாது. அந்தத் தொட்டி மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் பலர் மறப்பது. ‘தொட்டி இருக்கிறது’ என்று படிவத்தில் எழுதுவார்கள். திறந்து பார்த்தால் பாதிவரை நேற்றைய சேறு.

தண்ணீரைச் சுத்தப்படுத்துவதைவிடக் கலங்காமல் பார்ப்பது மலிவு. சேற்றுக்குழிக்குக் கூரை, மீதித் தரை முழுக்க லீன் கான்கிரீட், வெற்று மண் சரிவில் விரிப்பு. கூரையில் விழும் மழையைத் தனிக் குழாயில் இறக்கி, அழுக்குத் தண்ணீரோடு சேராமல் விட்டால் தொட்டியின் சுமை அப்படியே குறையும்.

அடுத்தது ரசாயனம். சிமெண்ட் பட்ட தண்ணீரின் பிஎச் 12வரை ஏறும். மீனுக்குச் சேற்றைவிட அதுவே கொடிது. அமிலம் ஊற்றிச் சரிசெய்தால் கை சற்றுத் தவறினாலும் 4க்கு இறங்கிவிடும். கரியமில வாயுவைக் குமிழியாக விடுவது பாதுகாப்பானது, கூடுதலாகப் போனாலும் பிஎச் 6க்கு அருகிலேயே நின்றுகொள்ளும்.

பிஎச்சைச் சரிசெய்த பிறகுதான் சேற்றைத் திரட்டும் பிஏசி என்ற பாலி அலுமினியம் குளோரைடைப் போட வேண்டும். வரிசையை மாற்றுவது வேலையிடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. காரத்தன்மை கூடிய தண்ணீரில் அலுமினியம் படியாமல் கரைந்தே நிற்கும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், கலங்கல் மீட்டர் பச்சை காட்டும், ஆனால் கரைந்த அலுமினியம் ஏரிக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு பிஎச் இறங்கும் இடத்தில், அதாவது ஏரியிலேயே, அது வெள்ளைப் படிவாக வெளிவரும்.

அளவை ஊகத்தில் போடாமல் தினமும் காலையில் ஜார் டெஸ்ட் செய்ய வேண்டும். ஆறு குடுவை, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் அழுக்குத் தண்ணீர், பிஏசி லிட்டருக்கு 20 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக 100வரை. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு எதிர்மின் பாலிமர் 1 மில்லிகிராம் சேர்த்து மெதுவாகச் சுற்ற வேண்டும். திரள் பெரிதாகி இறங்கும் முதல் குடுவையே அன்றைய அளவு. அதற்கு மேல் போடுவது பணத்தை ஏரியில் கொட்டுவது. நேர்மின் பாலிமர் மலிவாகக் கிடைக்கும், வேகமாகவும் திரட்டும். ஆனால் அது மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். ஏரிக்கரையில் அதன் மூட்டையே வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

கலங்கல் மீட்டர் காட்டுவது ஒளிச்சிதறலை. விதி கேட்பது எடையை. இரண்டுக்கும் நடுவிலான விகிதம் மண்ணுக்கு மண் மாறும். கடற்களிமண் கொஞ்சம் இருந்தாலே மீட்டர் ஏறும், மணல் நிறைய இருந்தாலும் ஏறாது. ஆகவே வடிதாளில் வடித்து, 105 டிகிரியில் உலர்த்தி, எடைபோட்ட பத்துப் பன்னிரண்டு மாதிரிகளைக் கொண்டு இந்த வேலையிடத்துக்கென ஒரு கோடு வரைந்து வைக்க வேண்டும். மண் அடுக்கு மாறினால் கோட்டையும் மாற்ற வேண்டும்.

பாதி இயந்திரத்தோடு புறப்படுவது

பின்தொடர் வண்டிகளோடு சேர்த்து டிபிஎம் 90 மீட்டருக்கு மேல் நீளும். ஷாஃப்ட் 20 மீட்டர். ஆகவே வெட்டுத்தலை உள்ள முன்பகுதியான கேடயத்தை மட்டும் இறக்கி, வண்டிகளை மேலே நிறுத்தி, ஹைட்ராலிக், மின், கிரௌட் குழாய்களை நீட்டி விட்டுத் தொடங்க வேண்டும். முதல் 70 வளையம்வரை ஒரே சிறு தொட்டியில்தான் மண் ஏறும். ஷிப்டுக்கு ஒன்றிரண்டு வளையம் போனாலே போதும் என்று இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுத்துவதில் பொருளில்லை, குழாய்தான் கிழியும்.

இயந்திரம் வெளியேறும் வட்டத்தில் சுவரின் கம்பி கண்ணாடியிழையாக இருந்தால் வெட்டுத்தலையே அதை அறுத்துக்கொண்டு போகும், ஆட்கள் நின்று சுவரை உடைக்க வேண்டியதில்லை. வெளியே ஜெட் கிரௌட் செய்து, அதாவது சிமெண்டைப் பீய்ச்சி இறுக்கிய மண்கட்டி, கேடயத்தின் நீளத்தைவிட இரண்டு வளையமாவது நீளமாக இருக்க வேண்டும். கட்டி குட்டையாக இருந்தால் வெட்டுத்தலை அதைத் தாண்டும்போது வால் இன்னும் ஷாஃப்ட் சீலுக்குள் வந்திருக்காது. முன்னால் தண்ணீர், பின்னால் திறப்பு. தொடங்குமுன் வட்டத்தில் ஒன்பது சோதனைத் துளை போட்டு ஒவ்வொன்றிலும் வடிவதை அளக்க வேண்டும். ஒன்றில் மணலோடு தண்ணீர் வந்தாலும் மறுபடி கிரௌட்தான்.

ஏரிக்கு அடியில்

தரையின் கீழ் போகும் முதல் 50 மீட்டர் ஒத்திகைக்கு. அங்கே அமிழ்வுப் புள்ளிகளும் மண்ணின் சாய்வைக் காட்டும் இன்க்ளினோமீட்டரும் நெருக்கமாக இருக்கும். ஏரிக்குள் அவை இருக்காது. கத்திகளைச் சோதிப்பதும் மாற்றுவதும் கரையிலேயே, கிரௌட் செய்த கட்டிக்குள் முடிய வேண்டும். ஏரிக்கு நடுவில் அழுத்தக் காற்றை நிரப்பி ஆள் இறங்கினால், அந்தக் காற்று மேலே வழி கண்டுபிடித்தால் பிறகு நிறுத்துவது கடினம்.

அழுத்தக் கணக்கு இப்படி. தண்ணீர் 5 மீட்டர், அதன் கீழ் களிமண் 12 மீட்டர், பிறகு சுரங்கத்தின் உச்சி. களிமண்ணின் எடை கனமீட்டருக்கு 16 கிலோநியூட்டன். உச்சியில் மேலிருந்து அழுத்தும் மொத்தம் 50 + 192 = 242 கிலோபாஸ்கல். அங்கே நீரழுத்தம் 170. இரண்டுக்கும் நடுவிலுள்ள 72தான் நமக்குக் கிடைத்த ஜன்னல். கீழே 170ஐத் தொட்டால் முகம் உள்ளே வரும், மேலே 242ஐத் தொட்டால் ஏரியடி தூக்கிக்கொள்ளும். மண்ணின் பக்க அழுத்தத்துக்கு 40 சேர்த்தால் வைக்க வேண்டியது 210. மேல் எல்லைக்கு 20 ஒதுக்கினால் 220ஐத் தாண்டக்கூடாது. ஈபிபி இயந்திரத்தில் சாதாரணமாகவே அழுத்தம் 20 ஏறி இறங்கும். அப்படியானால் இந்த ஆழம் போதாது. பாதையை 4 மீட்டர் இறக்கினால் ஜன்னல் 96 ஆகும், ஓட்டுநருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். இதை வரைபடக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். ஷாஃப்ட் தோண்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

உச்சியில் 210 என்றால் அடியில் அந்த எண் இருக்காது. வெட்டுத்தலைக்குப் பின்னுள்ள அறைக்குள் இருக்கும் சேற்றின் எடையால் 6.67 மீட்டருக்கு இன்னும் 90க்கு மேல் கூடும். சென்சார்கள் அந்தச் சாய்வைக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மேலும் கீழும் ஒரே எண் வந்தால் அறையில் சேறு இல்லை, காற்றும் நுரையும்தான் நிற்கின்றன.

ஒவ்வொரு வளையத்துக்கும் பெல்ட் தராசு சுமார் 78 டன் காட்ட வேண்டும், செலுத்திய நுரைநீரின் எடை தனி. தராசே இரண்டு மூன்று விழுக்காடு தவறும் என்பதால் ஐந்து வளையச் சராசரியைப் பார்க்க வேண்டும். சராசரி 5 விழுக்காடு கூடினால், அதாவது 4 டன், அறையிலிருந்து மண்ணை வெளியேற்றும் ஸ்க்ரூவை நிறுத்தி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். கிரானைட்டின் கலப்பு முகத்தில் இது இன்னும் கடுமை: அடியில் பாறை முன்னேற்றத்தைத் தடுக்க, ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்க, உச்சியின் மென்மண் மட்டும் உள்ளே உருவிக்கொண்டு வரும். முன்னேற்றம் குறைந்தால் ஸ்க்ரூவின் சுற்றும் குறைந்தே ஆக வேண்டும்.

நுரை ஏரிக்குப் போகக்கூடிய பொருள். வாங்கும்போதே மீன்களுக்கான நச்சுச் சோதனைத் தாளும் 28 நாள் மக்குதல் தாளும் கேட்க வேண்டும். களிமண் ஸ்க்ரூவில் ஒட்டி டார்க் ஏறினால் நுரையைக் கூட்டுவதுதான் கைப்பழக்கம். அதற்குமுன் பிரிக்கும் பாலிமரை மாற்றிப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: நுரை கலந்த தண்ணீர் 50 மில்லிகிராம் சோதனையில் தேறிவிடும், ஆனால் வடிகால் வாயிலில் சோப்பு நுரைபோல் எழும்பி நிற்கும். அதைக் கேமராவில் பார்ப்பவரிடம் ஆய்வகத் தாளைக் காட்டிப் பயனில்லை.

வளையத்துக்கு வெளியே நிற்கும் இடைவெளி 4.6 கனமீட்டர். இரட்டைக் கலவைக் கிரௌட் 5 முதல் 5.5வரை போக வேண்டும். அழுத்தம் முகத்தைவிட அரை பார், அதாவது 50 கிலோபாஸ்கல், கூட வைப்பது தரையின் கீழ் வழக்கம். ஏரியின் கீழ் அது ஜன்னலைத் தாண்டிவிடும். அங்கே கொள்ளளவை நம்பி, அழுத்த உச்சவரம்பைக் குறைத்து வைக்க வேண்டும். சோடியம் சிலிக்கேட் சேர்ந்ததும் பத்துப் பதினைந்து நொடியில் உறைவதால் குழாயை ஒவ்வொரு வளையம் முடிந்ததும் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர்தான் வேலையிடத்திலேயே மிகக் காரமான தண்ணீர். அது எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று யாரையாவது கேட்டால் பெரும்பாலும் பதில் தயங்கித்தான் வரும்.

ஒரு விழுக்காடு கொள்ளளவு இழப்பு, அதாவது வெட்டிய அளவைவிட அவ்வளவு கூடுதல் மண் உள்ளே வருவது, என்றால், சுரங்க மையம் 20 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது மேலே அமிழ்வு சுமார் 14 மில்லிமீட்டர். ஏரியடியை எதிரொலிக் கருவியால் அளக்கும்போது இவ்வளவு சிறிய மாற்றம் தெரியாது. அது காட்டுவது பள்ளத்தையும் மேட்டையும் மட்டுமே. எனவே ஏரியின் கீழ் நம் உண்மையான அளவுகோல் தராசும் கிரௌட் மீட்டரும்தான்.

நிற்காமல் போக வேண்டும் என்பதன் பொருள் இப்போது புரியும். சேற்றுக்குழி நிரம்பினால் இயந்திரம் நிற்கும். நின்றால் அறையின் அழுத்தம் மெல்ல இறங்கும், களிமண் கேடயத்தைப் பிடிக்கும். ஏரிக்குள் நுழைவதைக் குழி காலியாக இருக்கும் நாளில் வைப்பதும், நிற்க நேர்ந்தால் அறைக்குள் செலுத்தப் பென்டோனைட் கலந்து தயாராக வைப்பதும் அதனால்தான்.

இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் குறுக்குவழி ஏரிக்கு அடியில் விழாதபடி இடம் மாற்ற முடிந்தால் மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் நிலத்தை உறையவைப்பது ஒரு வழி. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மரீனா பே நிலையத்தில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதையின் அடியில் அப்படிச் செய்தார்கள். குறுக்குத் தீவுப் பாதையில் பயன்படும் 12.6 மீட்டர் இயந்திரம்போல் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே சுரங்கத்தில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் உச்சிக்கும் அடிக்கும் நடுவிலான அழுத்த வேறுபாடு 175 கிலோபாஸ்கல் ஆகும், மேலே இன்னும் தடித்த மண் வேண்டும்.

இயந்திரம் போன பிறகு

விலங்குகளைப் பற்றி எழுத வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் விடக்கூடாது. புதர் வெட்டுவது எப்போதும் சாலைப் பக்கமிருந்து பசுமைப் பக்கமாக, உள்ளே இருப்பவை ஓடித் தப்பும்படி. தடுப்புத் தகட்டின் அடி மூடியிருக்க வேண்டும். அப்படியும் உடும்பு சேற்றுக்குழியில் விழும். சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்வாக வைத்தால் தானே ஏறிப் போய்விடும். இரவு விளக்கை ஏரியை நோக்கித் திருப்பி வைக்கக்கூடாது.

டிபிஎம் மறுகரையில் ஏறி, ஷாஃப்டில் கடைசிப் பொருள் தூக்கிய பிறகு எல்லாரும் வேறு வேலையிடத்துக்குப் போய்விடுவார்கள். தரையின் லீன் கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் அந்த மூன்று வாரத்தில்தான் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த மண் முதல்முறையாக மழையைப் பார்க்கும். ஆகவே உடைப்பதைக் கரையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டையையும் அன்றே புல்தரை விரித்து, தொட்டி இருக்கும் மூலையை நோக்கிப் பின்வாங்க வேண்டும். கேமராவும் கலங்கல் மீட்டரும் அதுவரை இயங்கும். புல் வேர்பிடித்து, இரண்டு பெருமழையின் ஓட்டம் சுத்திகரிப்பு இல்லாமலே 50க்குக் கீழ் வந்த பிறகு 200 கனமீட்டர் தொட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றலாம்.